இயந்திர இதயத் துணைக்கருவி பொருத்தப்பட்டோரிடம் இதய வெளியீட்டை ஊடுருவா முறையில் மதிப்பிடுதல்

ஆய்வுச்சுருக்கம்

இடது வெண்ட்ரிக்கிள் துணைக்கருவி பொருத்தப்பட்டவரின் கட்டுப்பாட்டுக் கருவியில் 'நிமிடத்திற்கு இத்தனை லிட்டர்' என ஓர் எண் தோன்றுகிறது. அது குருதியோட்டத்தை நேரடியாக அளந்து பெற்ற எண் அன்று. மோட்டார் நுகரும் மின்திறன், சுழல்வேகம், குருதியின் பாகுநிலை ஆகியவற்றைக் கொண்டு கணிக்கப்பட்டது. அவ்வெண் எவ்வாறு பெறப்படுகிறது, எவ்வெவ்விடங்களில் பிழைபடுகிறது, அதனைச் சரிபார்க்க உடலைத் துளைக்காத வேறு வழிகள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இதய மையங்களிலிருந்து தொலைவில், வெள்ளானூர் போன்ற புறநகர்ப் பகுதியில் வாழும் நோயாளியின் நிலையிலிருந்து இச்சிக்கல் அணுகப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இதய வெளியீடு, இடது வெண்ட்ரிக்கிள் துணைக்கருவி, பாகுநிலை, ஹிமட்டோகிரிட், டாப்ளர், மறுசுவாச முறை.

முன்னுரை

இதயமாற்று அறுவைக்குக் காத்திருப்போர் பலர். கொடையாகக் கிடைக்கும் இதயங்கள் சில. 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஒருவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் காவல்துறை ஒழுங்குசெய்த சாலை வழியே சில நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டது. தமிழகத்தில் உறுப்புக்கொடை பற்றிய விழிப்பு அந்நிகழ்வுக்குப் பின்னரே பரவலாயிற்று. எனினும் தேவைக்கும் கிடைப்புக்கும் உள்ள இடைவெளி மறையவில்லை. அவ்விடைவெளியில் உயிரைத் தாங்கி நிற்பதற்கு வந்ததே எல்.வி.ஏ.டி. என்று மருத்துவமனைகளில் வழங்கும் இடது வெண்ட்ரிக்கிள் துணைக்கருவி. இதயமாற்றுக்குத் தகுதியற்றவர்களுக்கு இது நிலையான சிகிச்சையாகவும் அமைகிறது.

நலிந்த இடது வெண்ட்ரிக்கிளின் நுனியில் பொருத்தப்படும் சிறிய பம்பு இது. வெண்ட்ரிக்கிளிலிருந்து குருதியை இடைவிடாது உறிஞ்சி, ஒரு செயற்கைக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குச் செலுத்துகிறது. வயிற்றுத் தோல் வழியே வெளிவரும் கம்பி, இடுப்பில் அணியும் கட்டுப்பாட்டுக் கருவியுடனும் மின்கலங்களுடனும் இணைகிறது. சென்னையில் மருத்துவர் கே. ஆர். பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு 2010களில் அடையாற்றிலும், பின்னர் அமைந்தகரையிலும் இத்தகைய கருவிகளைப் பொருத்தி வந்துள்ளது. ஹார்ட்மேட்-2, எச்.வி.ஏ.டி., ஹார்ட்மேட்-3 ஆகிய மூன்றும் இத்துறையில் பெரிதும் பயன்பட்டவை. இவற்றுள் எச்.வி.ஏ.டி.யின் விற்பனையை மெட்ரானிக் நிறுவனம் 2021 ஜூனில் நிறுத்திக்கொண்டது. ஆயினும் முன்னரே அதனைப் பொருத்திக்கொண்டவர்கள் அதனோடுதான் வாழ்கின்றனர்.

அறுவை முடிந்து வீடு திரும்பியவர் நாள்தோறும் நான்கு எண்களைக் குறிப்பேட்டில் எழுதுவது வழக்கம்: சுழல்வேகம், மின்திறன், துடிப்புக் குறியெண், ஓட்டம். முதல் மூன்றையும் பற்றி வீட்டார் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. ஓட்டம் 4.5 என்றால் மகிழ்கின்றனர், 3.2 என்றால் அஞ்சுகின்றனர். நான்கினுள் ஐயத்திற்கு மிகுந்த இடம் தருவதும் அந்த ஓட்டத்தின் எண்ணே.

அளவீடும் மதிப்பீடும்

ஒரு நிமிடத்தில் இதயம் உடலுக்குச் செலுத்தும் குருதியின் கனவளவே இதய வெளியீடு. ஓய்வில் இருக்கும் வளர்ந்தவருக்கு இது ஏறத்தாழ 5 லிட்டர். உடற்பரப்பால் வகுத்துப் பெறும் குறியெண் சதுர மீட்டருக்கு 2.2 லிட்டருக்குக் கீழ் இறங்கினால் உறுப்புகளுக்குக் குருதி போதவில்லை என்று ஐயுறுவது மருத்துவ வழக்கு. 'வெளியீடு' என்றவுடன் நூல் வெளியீடு நினைவுக்கு வருவதால் 'வெளியேற்ற அளவு' என்று எழுதுவோரும் உளர். சொல் எதுவாயினும் ஆகுக. அளத்தல் வேறு, மதிப்பிடல் வேறு என்னும் வேறுபாடே இங்கு இன்றியமையாதது. மரக்காலில் நெல்லை அளப்பதும், குவியலைக் கண்ணால் பார்த்து இத்தனை மூட்டை என்பதும் ஒன்றல்ல என்பதை உழவர் அறிவர். கண்பார்வைக் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். நெல் ஈரமாக இருக்கும் நாளில்தான் தவறும்.

இதய வெளியீட்டை அளக்கும் வழியை 1870-இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் வகுத்தார். உடல் ஒரு நிமிடத்தில் உட்கொள்ளும் ஆக்சிஜனைத் தமனிக் குருதிக்கும் கலப்புச் சிரைக் குருதிக்கும் இடையிலுள்ள ஆக்சிஜன் வேறுபாட்டால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 1970-இல் ஸ்வான், கேன்ஸ் ஆகியோர் அறிமுகப்படுத்திய பலூன் நுனிக் குழாய், நுரையீரல் தமனியை அடையும் வழியை எளிதாக்கியது. அதனூடாகக் குளிர்ந்த நீர்மத்தைச் செலுத்தி, வெப்பநிலை மீளும் வேகத்திலிருந்து ஓட்டத்தைக் கணிக்கும் வெப்ப நீர்த்தல் முறையும் நிலைபெற்றது.

இவை இன்றும் ஒப்பீட்டு அளவுகோல்களாகத் திகழ்கின்றன. ஆனால் இரண்டிற்கும் கழுத்து அல்லது தொடைச் சிரையைத் துளைக்க வேண்டும். எல்.வி.ஏ.டி. பொருத்தியவர் குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவர். அவருக்கு ஒவ்வொரு துளையும் குருதிக்கசிவு, தொற்று ஆகியவற்றுக்கான வாயில். அளவுகோலிலும் குறை உண்டு. பல மருத்துவமனைகளில் ஆக்சிஜன் நுகர்வை அளப்பதில்லை. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்திற்கு 125 மில்லிலிட்டர் என்று கொண்டுவிடுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டு: உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர், ஹீமோகுளோபின் 10 கிராம், தமனியில் ஆக்சிஜன் செறிவு 98 விழுக்காடு, சிரையில் 60 விழுக்காடு எனக் கொள்வோம். லிட்டருக்கு ஆக்சிஜன் வேறுபாடு ஏறத்தாழ 52 மில்லிலிட்டர். நுகர்வு 200 மில்லிலிட்டர் எனக் கொண்டால் வெளியீடு 3.9 லிட்டர், உண்மை நுகர்வு 250 ஆக இருப்பின் 4.8 லிட்டர். ஊகித்த ஒரே ஓர் எண்ணால் விடை பெரிதும் மாறிவிடுகிறது. துளைத்துப் பெற்றது என்பதாலேயே ஓர் எண் உண்மையாகிவிடாது.

கருவி காட்டும் எண் பிறக்கும் விதம்

பம்பினுள் குருதியோட்டத்தை அளக்கும் உணரி எதுவும் மேற்கூறிய மூன்று கருவிகளிலும் இல்லை. உடலினுள் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய கருவியில் ஒவ்வோர் உணரியும் பழுதுக்கும் உறைகட்டிக்கும் இடந்தரும் என்பதால் வடிவமைப்பாளர்கள் அதனைத் தவிர்த்தனர். மாறாக, ஆய்வுக்கூடத்தில் பம்பை வெவ்வேறு வேகத்தில் ஓட்டி, எந்த ஓட்டத்திற்கு எவ்வளவு மின்திறன் தேவைப்படுகிறது என்று முன்கூட்டியே அட்டவணைப்படுத்தினர். நோயாளியின் உடலில் ஓடும்போது கட்டுப்பாட்டுக் கருவி வேகத்தையும் திறனையும் அறிகிறது. அட்டவணையைப் பின்னோக்கிப் படித்து ஓட்டத்தைக் கூறுகிறது.

இப்பின்னோக்கிய வாசிப்பு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்த வேறுபாட்டுக்கு எதிராக நிமிடத்திற்கு 5 லிட்டர் குருதியைச் செலுத்தத் தேவைப்படும் திறன் 0.9 வாட் மட்டுமே. பம்பு நுகர்வதோ ஏறத்தாழ 4 வாட். எஞ்சிய பங்கு சுழலியின் இழுவையிலும் குருதியின் உராய்விலும் மின்சுருளின் வெப்பத்திலும் கரைகிறது. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள பயனுறு வேலையை மொத்தச் செலவிலிருந்து ஊகிக்கிறோம். வீணாகும் பங்கு சிறிது மாறினாலும், அம்மாற்றத்தை ஓட்டத்தின் மாற்றமாகவே கருவி படித்துவிடும்.

வீணாகும் பங்கை மாற்றுவதில் முதன்மையானது பாகுநிலை. குருதியில் சிவப்பணுக்கள் அடைத்துக்கொள்ளும் கனவளவின் விழுக்காடே ஹிமட்டோகிரிட். அது கூடினால் குருதி தடிக்கும். அதே ஓட்டத்திற்குக் கூடுதல் திறன் செலவாகும். ஆகவே எச்.வி.ஏ.டி., ஹார்ட்மேட்-3 ஆகியவற்றில் நோயாளியின் ஹிமட்டோகிரிட் மதிப்பை மருத்துவக்குழு பதிவிட இடமுண்டு. ஹார்ட்மேட்-2 அதனைக் கேட்பதில்லை. பதிவிட்ட மதிப்பு அடுத்த முறை யாரேனும் மாற்றும்வரை அப்படியே நிற்கும். நோயாளியின் குருதி அவ்வாறு நிற்பதில்லை.

எண் பிழைபடும் இடங்கள்

இக்கருவி பொருத்தியவர்களுக்குக் குடலில் குருதிக்கசிவு ஏற்படுவது அறியப்பட்ட சிக்கல். கசிவு நீடித்தால் ஹிமட்டோகிரிட் 36-இலிருந்து 26-க்கு இறங்கக்கூடும். குருதி நீர்த்துவிட்டதால் பம்பு குறைந்த திறனில் ஓடுகிறது. பழைய மதிப்பையே நம்பியிருக்கும் கருவி அதனை ஓட்டக்குறைவு என்று படிக்கிறது. பிற நிலைகள் மாறாதிருப்பின், திரை காட்டுவது உண்மையைவிடக் குறைவு. இப்பிழை அச்சம் தரும். ஆனால் நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் என்பதால் நன்மையிலேயே முடியலாம். அங்கு குருதி ஏற்றப்பட்டு எண் 'சீரடைந்தால்', அதில் எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு பாகுநிலையின் விளைவு என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

எதிர்த்திசைப் பிழையே ஆபத்தானது. சித்திரை, வைகாசி வெயிலில் நீரிழப்பு ஏற்பட்டால் வெண்ட்ரிக்கிளுக்கு வரும் குருதி குறையும். உண்மை ஓட்டமும் குறையும். அதே வேளையில் குருதி தடிப்பதால் திறன் சற்றுக் கூடுகிறது. கருவி ஓட்டத்தை உள்ளதைவிட மிகுத்துக் காட்டுகிறது. இம்மிகை பெரியதன்று. ஆயினும் ஹார்ட்மேட்-3 ஓட்டம் 2.5 லிட்டருக்குக் கீழ் சென்றால்தான் எச்சரிக்கை ஒலி எழுப்பும். அவ்வரம்பின் விளிம்பில் உள்ளவருக்குச் சிறு மிகையும் எச்சரிக்கையைத் தாமதப்படுத்தும்.

பம்பினுள் உறைகட்டி உருவாவது இதனினும் கொடிது. சுழலி இடறுகிறது, அதே வேகத்தைக் காக்க மோட்டார் கூடுதல் திறன் நுகர்கிறது. அட்டவணையின்படி கூடுதல் திறன் என்றால் கூடுதல் ஓட்டம். ஆகவே திரை 9 லிட்டர், 10 லிட்டர் என்று காட்டும்போது நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார், சிறுநீர் கருத்திருக்கும். திறன் ஏறியதற்கு வேறு காரணம் புலப்படாதபோது மிக நல்ல எண் மிகக் கெட்ட செய்தி என்பதை வீட்டாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பொதுவாக 'குறைந்தால் வாருங்கள்' என்று மட்டுமே சொல்லப்படுகிறது.

பெருந்தமனி வால்வு தொடர்பான பிழை வேறு வகையானது. இங்கு கருவி பம்பு ஓட்டத்தைச் சரியாகவே கணித்திருக்கலாம். ஆனால் பம்பு ஓட்டமும் இதய வெளியீடும் ஒன்றாக இருப்பதில்லை. வால்வு ஒவ்வொரு துடிப்பிலும் திறந்தால், நோயாளியின் சொந்த இதயம் செலுத்தும் குருதி பம்பின் ஓட்டத்தோடு சேரும். உண்மை வெளியீடு திரையில் உள்ளதைவிடக் கூடுதல். வால்வு மூடியே இருந்தால் இரண்டும் சமம். வால்வு கசிந்தாலோ பம்பு பெருந்தமனிக்கு ஏற்றிய குருதியின் ஒரு பகுதி மீண்டும் வெண்ட்ரிக்கிளுக்கு வடிந்து, பம்புக்கே திரும்பும். கிணற்றில் இறைத்த நீர் கிணற்றிலேயே வடிவதைப் போல. திரை 6 லிட்டர் காட்டும். உடலுக்குச் செல்வது 4 லிட்டராக இருக்கலாம்.

நாடியை நம்பும் கருவிகள்

தொடர் ஓட்டப் பம்பு பொருத்தியவரின் மணிக்கட்டில் நாடி பெரும்பாலும் தென்படாது. ஹார்ட்மேட்-3 இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தை மாற்றிக்கொள்கிறது; அது குருதி தேங்காமல் பம்பைக் கழுவுவதற்கானது, நாடிக்கு ஈடாகாது. 'நாடி விழுந்துவிட்டது' என்பது நம் வழக்கில் உயிர் போனதைக் குறிக்கும். அதே நிலையில் ஒருவர் நடமாடி, உண்டு, அலுவலகம் செல்வதைக் காண்பது சித்த மருத்துவ மரபில் பழகிய மனத்திற்கு மட்டுமன்றி, புதிதாய்ப் பணியேற்ற செவிலியருக்கும் திகைப்பூட்டும்.

நாடி இன்மையால் வெளியீட்டை ஊடுருவாது மதிப்பிடும் கருவிகளில் பல பயனற்றுப் போகின்றன. தானியங்கி இரத்த அழுத்தமானி பட்டையில் எழும் அதிர்வுகளைத் தேடுகிறது. அவை இல்லாததால் பல நேரங்களில் எண்ணே தருவதில்லை. விரலில் அணியும் ஆக்சிஜன் மானியும் தடுமாறுகிறது. விரற்பட்டை வழியே தமனி அலையின் வடிவத்தைப் பதிந்து வெளியீட்டைக் கணிக்கும் கருவிகள், அலையின் சுருக்கப் பகுதியே துடிப்புக் கனவளவைக் குறிக்கும் என்னும் கருதுகோளில் எழுந்தவை. இங்கு குருதியின் பெரும்பகுதி அலையாக வருவதில்லை. ஆகவே கருதுகோளே தகர்கிறது. மார்பின் மின்தடை மாற்றத்தை அளக்கும் முறைக்கும் அதே குறை உண்டு. காந்த ஒத்ததிர்வுப் படப்பிடிப்பு ஓட்டத்தைச் செம்மையாக அளக்கவல்லது. ஆனால் காந்தத்தாலும் உலோகத்தாலும் ஆன பம்புடன் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

இரத்த அழுத்தத்தை அறியும் வழி எளிது. கைப்பட்டையை ஊதி, மெல்ல இறக்கும்போது டாப்ளர் முனையில் ஓட்டத்தின் ஒலி முதலில் எழும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வது. நாடி மிக நலிந்தவரிடம் இது சராசரி அழுத்தத்தை நெருங்கும். அழுத்தம் தெரிந்தால் ஓட்ட எண்ணைப் படிப்பதும் எளிதாகிறது. ஏனெனில் ஒரே வேகத்தில், எதிர் அழுத்தம் ஏறினால் இப்பம்புகளின் ஓட்டம் இறங்கும். ஓட்டம் குறைந்து அழுத்தமும் குறைந்திருந்தால் நீரிழப்பையோ வலது வெண்ட்ரிக்கிளின் தளர்ச்சியையோ ஐயுறலாம். ஓட்டம் குறைந்து அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம்.

மயங்கிக் கிடப்பவரிடம் நாடி தேடுவதில் பயனில்லை. மார்பில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துப் பம்பின் ரீங்காரம் கேட்கிறதா, தோலின் நிறமும் வெப்பமும் எவ்வாறுள்ளன என்று பார்க்க வேண்டும். அமெரிக்க இதயக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவரின் வெளிமூச்சு இறுதியில் கார்பன் டை ஆக்சைடு 20 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் குருதியோட்டம் போதவில்லை எனக் கொண்டு மார்பழுத்தம் தொடங்கலாம் என்கிறது. மூச்சுக்காற்றே அங்கு ஓட்டத்தின் மதிப்பீடாகிறது.

நாடி வேண்டாத வழிகள்

இடப்பக்கத்தில் பம்பும் வால்வும் சேர்ந்து எத்துணைக் குழப்பம் விளைவித்தாலும், உடலைச் சுற்றித் திரும்பிய குருதி முழுவதும் வலது வெண்ட்ரிக்கிள் வழியாகவே செல்ல வேண்டும். வலப்பக்கம் பம்பு இல்லை. அங்கு துடிப்பு உண்டு. ஆகவே எக்கோ கருவியால் வலது வெண்ட்ரிக்கிளின் வெளிவழியை நோக்குவது, இருப்பவற்றுள் அறிவார்ந்த வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வெளிவழியின் விட்டம் 2 சென்டிமீட்டர், ஒரு துடிப்பில் குருதி நகரும் தொலைவு 15 சென்டிமீட்டர், இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 85 எனில், வெளியீடு 4 லிட்டர். இம்முறையின் நலிவு விட்டத்தில் உள்ளது. 2 என்பதை 1.8 எனத் தவறாக அளந்தால் பரப்பு விட்டத்தின் இருமடியால் சுருங்கி, விடை 3.2 லிட்டராகிவிடும். செயற்கைக் கருவியின் நிழலும் அறுவைத் தழும்பும் படத்தை மறைப்பதும் உண்டு. ஒரே நோயாளியிடம் மீண்டும் மீண்டும் செய்யும்போது விட்டத்தை மாறிலியாகக் கொண்டு, குருதி நகரும் தொலைவையும் துடிப்பையும் மட்டும் ஒப்பிட்டால் பிழையின் பெரும்பகுதி நீங்கும்.

இவ்வெண்ணைப் பம்பின் எண்ணோடு ஒப்பிடுவதில்தான் இதன் முழுப்பயன் உள்ளது. வலப்பக்க வெளியீடு பம்பு ஓட்டத்தைவிட மிகுந்திருந்தால் பெருந்தமனி வால்வு வழியேயும் குருதி செல்கிறது. பம்பு ஓட்டம் மிகுந்திருந்தால் வால்வு கசிவையோ, உறைகட்டியால் எழுந்த பொய் எண்ணையோ ஐயுற வேண்டும். இரு குறையுள்ள எண்களின் வேறுபாடு, ஒரு நிறைவான எண்ணைவிடக் கூடுதலாகச் சொல்லும் அரிய இடம் இது.

மறுசுவாச முறை முற்றிலும் வேறு அடிப்படையில் அமைந்தது. நோயாளி ஒரு மூடிய பையிலிருந்து சில மூச்சுகள் இழுத்து விடுகிறார். பையில் குருதியில் கரையும் நைட்ரஸ் ஆக்சைடும், கரையாத சல்பர் ஹெக்ஸாஃபுளூரைடும் சிறிதளவு கலந்திருக்கும். கரையாத வாயு நுரையீரலின் கனவளவைக் காட்டும். கரையும் வாயு எவ்வேகத்தில் மறைகிறதோ அவ்வேகம் நுரையீரல் வழியே செல்லும் குருதியின் அளவைக் காட்டும். நாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதற்குப் பொருட்டில்லை. உடற்பயிற்சியின்போதும் செய்யலாம் என்பதால் ஐரோப்பிய மையங்கள் சில எல்.வி.ஏ.டி. நோயாளிகளிடம் இதனைப் பயன்படுத்தியுள்ளன. நுரையீரல் நோய் உள்ளவரிடம் பிழைபடும். சொன்னபடி ஒரே சீராக மூச்சுவிட இயலாதவரிடம் செய்யவும் முடியாது.

வெள்ளானூரிலிருந்து நோக்கின்

ஆவடியை அடுத்த வெள்ளானூரிலிருந்து அமைந்தகரைக்கோ அடையாற்றுக்கோ செல்வது நலமுடன் இருப்போருக்கே அரைநாள் வேலை. மறுசுவாசக் கருவியும் தேர்ந்த எக்கோ வல்லுநரும் அம்மையங்களில்தான் உள்ளனர். எனினும் ஹீமோகுளோபினும் ஹிமட்டோகிரிட்டும் பார்க்கும் ஆய்வகம் ஆவடியில் தெருவுக்கொன்று உண்டு. மாதம் ஒருமுறை அம்மதிப்பைக் குறிப்பேட்டில் நான்கு எண்களுக்கு அருகே தேதியுடன் எழுதி, கருவியில் பதிவிட்ட மதிப்பிலிருந்து ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் விலகினால் மையத்திற்குத் தெரிவிப்பது செலவில்லாத திருத்தம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் பழகிய பொருள். தமனிக்கு அதனினும் உயர்ந்த அதிர்வெண் முனை வேண்டும் என்பதைத் தவிர, கிராம சுகாதாரச் செவிலியர் புதிதாகக் கற்க வேண்டியது மிகுதியில்லை. மருத்துவமனை தரும் அடையாள அட்டையில் 'இவருக்கு நாடி தென்படாது' என்று தமிழில் அச்சிட்டிருப்பது 108 ஊழியர் வரும் முன்பே அண்டை வீட்டாருக்குப் பயன்படும்.

வெள்ளானூர், ஆவடிப் பகுதியின் பொறியியல் கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பொறியியல் பயிற்றுவிக்கப்படுகிறது. இறக்குமதிக் கருவியின் விலை பல பத்து லட்சம் ரூபாய் என்பதால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் உள்நாட்டுப் பம்பை உருவாக்கும் பணியில் ஈடுபட்டுள்ளன. அப்பம்புகளுக்கும் ஓட்டக் கணிப்பு அட்டவணை தேவைப்படும். பாகுநிலையின் விளைவை ஆராயப் பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. சிறிய மையவிலக்குப் பம்பு, குழாய்ச் சுற்று, குழாயின் மேல் பற்றவைக்கும் மீயொலி ஓட்டமானி, நீரில் கலந்த கிளிசரின் ஆகியவை போதும். 35 முதல் 40 விழுக்காடு கிளிசரின் கலவை குருதியின் பாகுநிலையை ஒத்திருக்கும். அதனை 25-க்கு இறக்கினால் சோகையுற்ற குருதி. 45-க்கு ஏற்றினால் நீரிழந்த குருதி. வேகத்தை மாறாது நிறுத்தி, ஒவ்வொரு கலவைக்கும் திறன் காட்டும் கணிப்பையும் மீயொலி காட்டும் அளவையும் அருகருகே வரைந்தால், இரு கோடுகளுக்கும் இடையே விழும் லிட்டர்களை இறுதியாண்டு மாணவரே படித்துச் சொல்லலாம்.